13-க்கு 13

2003-இல் வெஸ்ட் பாயின்ட் ராணுவ அகாடமியின் அமெரிக்கக் கால்பந்து அணி ஆடிய 13 ஆட்டங்களிலும் தோற்றது. ஒரே சீசனில் 13 தோல்வி, கல்லூரி ஆட்டத்தில் அதுவரை யாரும் தொடாத ‘சாதனை’! பாதியில் கோச்சை மாற்றியும் ஒன்றும் நடக்கவில்லை. 1944, 1945 தேசிய சாம்பியன்கள் இவர்கள்.

கடைசி ஆட்டம் பரம எதிரியான கடற்படை அகாடமியோடு, ஃபிலடெல்ஃபியாவில். 34-6. இந்த ஆட்டம் முடிந்ததும் இரண்டு அணியும் சேர்ந்து நிற்கும். முதலில் தோற்றவர்களின் அகாடமிப் பாட்டு, அப்புறம் ஜெயித்தவர்களுடையது. அடி வாங்கிய கையோடு, வியர்வை வழிய, விறைப்பாக நிற்க வேண்டும்.

படிப்பு முடிந்தால் ராணுவ சேவை, அந்த வருடமோ இராக் போர். நட்சத்திர ஆட்டக்காரன் எவன் இங்கே சேருவான், சொல்லுங்கள்? இருக்கிற பையன்களுக்குத் தோதான, பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடும் ஓட்ட ஆட்டத்தை விட்டுவிட்டு, பந்தை வீசி ஆடும் பாஸ் ஆட்டத்துக்குத் தாவியவர்களைத்தான் நான் திட்டுவேன்.