தோரங் கணவாயில் துவாதசிப் பாரணை

நேபாளத்து முக்திநாத் போய்வந்தோம் என்றதும் ஊரில் எல்லாரும் கேட்ட முதல் கேள்வி, "ஜோம்சோமுக்கு விமானம் கிடைத்ததா?" என்பதுதான். போக்ராவில் ஏறினால் இருபது நிமிஷத்தில் ஜோம்சோம், அங்கிருந்து ஜீப். ஆழ்வார்கள் பாடிய சாளக்கிராமம் என்ற திவ்ய தேசம் இந்த முக்திநாத்தான்; அதைச் சேவிக்கப் போகும் நம்மவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் போகிறார்கள். பெரியப்பாவுக்கு அதில் மனம் ஒப்பவில்லை. "திருமங்கையாழ்வார் பாட்டுக்குப் பாட்டு 'சாளக்கிராமம் அடைநெஞ்சே' என்று நெஞ்சைக் கெஞ்சுகிறார். உடம்பில் தெம்பு இருக்கும்போதே நடந்து போய் அடையணும்டா" என்றார். அவருக்கு வயது 63. ஒரு வருஷம் காலையும் மாலையும் ஆற்றங்கரையில் நடந்து பழகினார். மருத்துவர் பரிசோதித்துச் சரி என்ற பிறகுதான் நான் டிக்கெட் எடுத்தேன்.

நாங்கள் போனது அன்னபூர்ணா மலைகளைச் சுற்றி, மனாங் பள்ளத்தாக்கு வழியாக 5,416 மீட்டர் உயரமுள்ள தோரங் கணவாயைத் தாண்டி, மறுபக்கம் முக்திநாத்தில் இறங்கும் பாதை. சாமே வரை ஜீப்பில் போய், அங்கிருந்து நடந்தோம். மலைக்கே அன்னபூரணியின் பெயர். அந்தப் பெயருக்கு என்ன அர்த்தம் என்று அந்தப் பாதையில் சாப்பிட்ட ஒவ்வொரு வேளையும் எனக்குச் சொல்லிக்கொடுத்தது.

வழி நெடுக ஊருக்கு ஊர் தங்குவிடுதிகள் உண்டு. கல்சுவர், உள்ளே பலகைத் தடுப்பு. பக்கத்து அறையில் ஒருவர் புரண்டு படுத்தால் நம் கட்டிலும் கிறீச்சிடும். இரண்டு கட்டில், ஆளுக்கு ஒரு கனத்த ரஜாய், அவ்வளவுதான் அறை. வாடகை சொற்பம். ஆனால் ராச்சாப்பாடும் காலைப் பலகாரமும் அங்கேயே சாப்பிட வேண்டும் என்பது எழுதாத சட்டம். முதலில் இதை வியாபாரத் தந்திரம் என்று நினைத்தேன். இரண்டு நாளில் புரிந்தது. ஜீப் பாதை முடிந்த இடத்துக்கு மேல் அரிசி, பருப்பு, மண்ணெண்ணெய், எரிவாயு உருளை எல்லாமே கோவேறு கழுதை முதுகிலும் மனிதர் முதுகிலும்தான் ஏறுகின்றன. ஏற ஏற விலையும் ஏறுகிறது. அப்படி முதுகொடியச் சுமந்து வந்த அரிசியைப் பொங்கி, "பாத் இன்னும் கொஞ்சம்?" என்று கேட்டு (பாத் என்றால் சோறு, தால் பருப்பு) தட்டு நிறைய இரண்டாம் தரம், மூன்றாம் தரம் போடுகிறார்கள். இரண்டாம் தரத்துக்குக் காசு கிடையாது. தால் பாத் வாங்கினால் வயிறு நிறையும் வரை போடுவது அந்த நாட்டு வழக்கம்.

பருப்பு நம் வீட்டுக் கெட்டிப் பருப்பு போல இருக்காது, ரசத்துக்கும் சாம்பாருக்கும் நடுவில் ஒரு பதம். அதோடு உருளைக்கிழங்குக் கறி, ஒரு கீரை, ஊறுகாய். மனாங்கில் பருப்புக்கு ஜிம்பு என்ற மலைப்புல்லை நெய்யில் தாளித்துக் கொட்டினார்கள். காய்ந்த வைக்கோல் இழை போல இருந்தது, வாசனை பாதி பெருங்காயம், பாதி வெங்காயம். அது வெங்காயச் சாதிதான் என்று தெரிந்ததும், பூண்டு வெங்காயம் தொடாத பெரியப்பா தனக்குத் தாளிக்காமலே போடச் சொல்லிவிட்டார். முகம் சுளிக்காமல் அவருக்கென்று தனிக் கிண்ணத்தில் எடுத்துவைத்தார் விடுதித் தீதி. அக்கா என்பதற்கு நேபாளியில் தீதி. அண்ணனுக்கு என்ன சொல் தெரியுமா? தாய். முதல் நாள் சுமைதூக்கி வந்த தம்பி, விடுதிக்காரரை "தாய்! தாய்!" என்று கூப்பிட்டபோது நாங்கள் இருவரும் நிமிர்ந்து பார்த்துவிட்டோம்.

மனாங் 3,540 மீட்டர். அங்கே இரண்டு இரவு தங்கினோம். உடம்பு உயரத்துக்குப் பழக வேண்டும், அவசரப்பட்டால் ஆபத்து. இமாலய மீட்புச் சங்கத்தின் மருத்துவ நிலையம் ஒன்று அங்கே இருக்கிறது, சீசனில் பிற்பகல் தோறும் உயர நோயைப் பற்றி வகுப்பு நடத்துகிறார்கள். பெரியப்பாவை முன்வரிசையில் உட்காரவைத்தேன். மருத்துவர் சொன்னதன் சாரம் இவ்வளவுதான்: மெல்ல ஏறு, முந்தின நாள் படுத்த இடத்தைவிட ரொம்ப உயரத்தில் போய்ப் படுக்காதே, பசி இல்லாவிட்டாலும் சாப்பிடு, தாகம் இல்லாவிட்டாலும் குடி. தலைவலி வந்தால் மேலே ஏறாதே, வலி முற்றினால் உடனே கீழே இறங்கு.

தண்ணீரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நாள் ஒன்றுக்கு மூன்று நான்கு லிட்டர் உள்ளே போக வேண்டும். மலைக்காற்று வறண்டது, வாங்கும் மூச்சிலேயே உடம்பின் ஈரம் போய்விடும், வேர்க்காததால் நமக்கு அது தெரியாது. பிளாஸ்டிக் பாட்டில் குப்பையைத் தவிர்ப்பதற்காகச் சில ஊர்களில் சுத்திகரித்த தண்ணீர் நிலையங்கள் வைத்திருக்கிறார்கள். குறைந்த காசில் நம் பாட்டிலை நிரப்பிக்கொள்ளலாம். மற்ற இடங்களில் தெர்மாஸ் கணக்கில் வெந்நீர் வாங்கினோம். "தாதோ பானி" என்று கேட்க இரண்டாம் நாளே பெரியப்பா கற்றுக்கொண்டார். ராத்திரி வெந்நீர் பாட்டிலைக் காலுறைக்குள் போட்டுப் படுக்கைப் பைக்குள் வைத்துக்கொண்டால் காலுக்கும் இதம், விடிந்தால் குடிக்கவும் தண்ணீர் இருக்கும். வெளியே வைத்தால் காலையில் கல். இதையெல்லாம் அவருக்குச் சொல்லிக்கொடுத்த நானே யாக் கர்க்காவுக்குப் போன நாளில் பேச்சு சுவாரஸ்யத்தில் ஒரு லிட்டர்கூடக் குடிக்கவில்லை. 4,000 மீட்டரைத் தாண்டிய அந்த ஊரில் சாயங்காலம் நெற்றிப்பொட்டு இரண்டும் தெறித்தன. பெரியப்பா என் பக்கத்தில் உட்கார்ந்து, திருவாராதனத் தீர்த்தம் சாதிப்பது போல அரை டம்ளர் அரை டம்ளராக ஊற்றிக் கொடுத்தார். இரண்டு மணி நேரம் கழித்துத்தான் வலி விட்டது.

அடுத்த நாள் கணவாயின் அடிவாரம், தோரங் ஃபெதி. சுமார் 4,450 மீட்டர். அன்று வளர்பிறை ஏகாதசி. திருமால் துயிலெழும் நாளாக நேபாளத்தார் கொண்டாடும் ஹரிபோதினி ஏகாதசி. அந்த நாளில் அங்கே இருக்கும்படி பயணத்தை அமைத்ததே பெரியப்பாதான். ஆனால் நாற்பது வருஷமாக ஏகாதசியில் துளசித் தீர்த்தம் தவிர எதையும் தொடாதவர் அவர். மறுநாள் விடியற்காலை கிட்டத்தட்ட ஆயிரம் மீட்டர் ஏற வேண்டும். வெறும் வயிற்றோடு இவரை எப்படிக் கூட்டிப்போவது? எனக்குத் தொண்டை அடைத்தது.

"பெரியப்பா, டாக்டர் சொன்னது ஞாபகம் இருக்கா?"

"இருக்குடா. பெருமாளும் ஞாபகம் இருக்கார்."

அதற்கு மேல் பேசத் தெரியாமல் சமையலறைக்குப் போனேன். சமையல்காரர் கோர்க்கா மாவட்டத்துக்காரர், ஐம்பது வயதிருக்கும். அடுப்பில் இரண்டு பிரஷர் குக்கர்கள் சீறிக்கொண்டிருந்தன. அந்த உயரத்தில் தண்ணீர் 85 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. திறந்த பாத்திரத்தில் எவ்வளவு கொதித்தாலும் பருப்பு மசியாது. நான் அரைகுறை இந்தியில் விஷயத்தைச் சொன்னேன். "ஏகாதசியா? என் அம்மாவும் இருப்பாள்" என்றவர், கையைத் துடைத்துக்கொண்டு ஒரு டப்பாவைத் திறந்து காட்டினார். சாம்பல் நிற மாவு. ஃபாபர் என்றார். வடக்கே குட்டு என்பார்களே, அதுதான். பெயர்தான் மாவு, தானியமல்ல, ஒரு செடியின் விதை. வட இந்தியாவில் விரதக்காரர்கள் சாப்பிடுவதே அதைத்தான்.

அப்புறம் அவர் செய்ததை நான் மறக்க மாட்டேன். வாணலியை எடுத்துப்போய் வெந்நீர் விட்டுத் தேய்த்தார். பூண்டு நறுக்கிய பலகையை ஒதுக்கி வேறொன்றைக் கொண்டுவந்தார். உருளைக்கிழங்கைத் தோலோடு தனியாக வேகவைத்தார். மாவைக் கரைத்து நெய்யில் இரண்டு ரொட்டி வார்த்தார். நம் கேழ்வரகு அடை போல ஓரம் கறுத்து, நடுவில் துளைதுளையாக வந்தது. வெளியே இருபது பேர் ராச்சாப்பாட்டுக்குக் காத்திருந்தார்கள். அவர் அவசரப்படவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு அவரே வந்து பெரியப்பா முன்னால் வைத்தார். "ஏகாதசி கோ", ஏகாதசிக்கானது என்று மட்டும் சொன்னார்.

பெரியப்பா தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பையிலிருந்து துளசியை எடுத்து அதன் மேல் வைத்துக் கண்ணை மூடினார். பிறகு மெதுவாகச் சாப்பிட ஆரம்பித்தார். ஒரு கிழங்கு மீந்தது. "ஆழ்வார் மங்கைமடத்தில் தினம் 1,008 அடியாருக்கு அன்னமிட்டாரே, அந்தக் கைங்கரியம் இன்னும் நிற்கவில்லைடா" என்றார். குமுதவல்லி நாச்சியாருக்குக் கொடுத்த வாக்குக்காக ஒரு வருஷம் ததீயாராதனம் என்ற அந்த அன்னதானத்தை நடத்தி, கைப்பொருள் தீர்ந்ததும் வழிப்பறிக்கும் துணிந்தவர் திருமங்கை மன்னன். எனக்கு அவர் கதை சிறுவயதிலிருந்தே தெரியும். அடியாருக்குச் சோறிட அவர் ஏன் அந்த அளவுக்குப் போனார் என்பது அந்தக் குளிரில், அந்த மர பெஞ்சில்தான் நெஞ்சில் இறங்கியது.

விடியற்காலை 4 மணிக்குக் கிளம்பினோம். முற்பகல் ஆக ஆகக் கணவாயில் காற்று பிய்த்துவிடும், அதனால்தான் இத்தனை சீக்கிரம். தலைவிளக்கு வெளிச்சத்தில் முன்னால் போகிறவரின் குதிகால் மட்டும் தெரியும். பத்தடி, ஒரு நிற்பு. மறுபடி பத்தடி. "பிஸ்தாரை, பிஸ்தாரை" என்பார் சுமைதூக்கும் தம்பி, மெல்ல மெல்ல என்று. பெரியப்பா அடிக்கு ஒரு எழுத்தாக எட்டெழுத்து மந்திரத்தைச் சொல்லி நடந்தார்.

சுமார் எட்டரை மணிக்குக் கொடிகள் தெரிந்தன. தோரங் கணவாய். அங்கே ஒரு சின்னத் தேநீர்க் குடிசை உண்டு. 2014 அக்டோபரில் விசாகப்பட்டினத்தைத் தாக்கிய ஹுத்ஹுத் புயலின் மிச்சம் இங்கே வந்து பனிப்புயலாக மாறி, இந்தப் பகுதியில் 40 பேருக்கு மேல் மாண்டார்கள். நம் வங்கக் கடலில் பிறந்த காற்று! இறந்தவர்களுக்காக இரண்டு நிமிஷம் நின்றோம்.

குடிசைக்குள் போய் உட்கார்ந்ததும் பெரியப்பா மடியிலிருந்து ஒரு சிறு பொட்டலத்தை எடுத்தார். பெரியம்மா கட்டிக்கொடுத்தது. வெயிலில் உலர்த்திய நெல்லி வற்றல், நாலு சுண்டை வற்றல். ஏகாதசி விரதத்தை மறுநாள் முடிக்கும் துவாதசிப் பாரணைக்கு அகத்திக்கீரை கிடைக்காது என்று தெரிந்து இவற்றை மட்டும் ஒரு வாரமாகச் சுமந்திருக்கிறார். வற்றல் குளிரில் கல்லாக இறுகிக் கிடந்தது. கண்ணாடி டம்ளர் வெந்நீரில் இரண்டு நெல்லியைப் போட்டுக் காத்திருந்தோம். ஓரங்கள் மெல்ல விரிந்தன, தண்ணீர் லேசாகப் பழுப்பேறியது. கோவிந்தா என்று சொல்லி ஒன்றைத் தன் வாயில் போட்டுக்கொண்டார், மற்றதை என்னிடம் நீட்டினார். துவர்ப்பு. பிறகு ஒரு வாய் வெந்நீர் குடித்ததும் அப்படி ஒரு தித்திப்பு.

இறக்கம் ஆயிரத்து அறுநூறு மீட்டருக்கு மேல். முட்டி கழன்றுவிடும் போலிருந்தது. பாதை நேராகக் கோயில் வாசலில்தான் கொண்டுவிடுகிறது. மூன்று நிலைக் கூரை வேய்ந்த சிறிய சந்நிதி, பின்னால் அரைவட்டமாக 108 மாட்டுமுகத் தாரைகள். திபெத்திய மொழியில் இந்தத் தலத்துக்கு நூறு நீர் என்று பொருள்படும் பெயர். பௌத்தத் துறவிப் பெண்களும் இங்கே கைங்கரியம் செய்கிறார்கள். அத்தனை நாள் காய்ச்சி, வடிகட்டி, காசு கொடுத்து வாங்கிக் குடித்த எங்கள் முன்னால் தண்ணீர் 108 வாயாகக் கொட்டிக்கொண்டிருந்தது. களைத்த உடம்போடு குளிர்நீரில் இறங்க வேண்டாம் என்று, அன்று தலையில் தெளித்துக்கொண்டு மட்டும் சேவித்தோம். மறுநாள் காலை 108 தாரையிலும் தலை கொடுத்தோம். ஸ்ரீமூர்த்திப் பெருமாள் முன்னால் நின்றபோது பெரியப்பா திருமங்கையாழ்வாரின் பத்துப் பாசுரத்தையும் சேவித்தார். ஆறாவது பாட்டில் குரல் உடைந்தது, நான் தொடர்ந்து சொன்னேன்.

கோயிலுக்குக் கீழே இருக்கும் ஊர் ராணிபௌவா. பௌவா என்றால் வழிப்போக்கர் சத்திரம். ராணியின் சத்திரமே ஊரின் பெயராகிவிட்டது. எங்கள் ஒரத்தநாட்டில் சரபோஜி மன்னர் காலத்து முக்தாம்பாள் சத்திரம் இருக்கிறது. இங்கே முக்திநாத், அங்கே முக்தாம்பாள் என்று சொல்லிச் சொல்லி மகிழ்ந்தார் பெரியப்பா.

கோயிலிலிருந்து இறங்கிய அன்று ராத்திரி விடுதியில் தால் பாத். பெரியப்பா பெஞ்சில் சம்மணமிட்டு உட்கார்ந்து, உள்ளங்கையில் தண்ணீர் எடுத்துத் தட்டைச் சுற்றிப் பரிசேஷணம் செய்தார். பருப்புக் கரண்டியோடு வந்த தீதி அவர் முடிக்கும் வரை நின்றார். முதல் தட்டு முடிந்தது. "பாத்?" என்று கேட்டார். ஒரு வாரமாக ஒரு தட்டோடு எழுந்துவிடும் மனிதர் தலையாட்டி, தட்டை இரண்டு கையாலும் ஏந்தினார்.