விலைப் பலகையைப் பார்க்க நங்கநல்லூர் வரை

நேற்று விடியற்காலையில் நங்கநல்லூர் உழவர் சந்தைக்குப் போய்வந்தேன். முதலில் ஆட்டோ சங்கதியைச் சொல்லிவிடுகிறேன், இன்னும் வயிறு எரிகிறது. கோடம்பாக்கத்திலிருந்து பழவந்தாங்கலுக்கு மின்சார ரயிலில் 5 ரூபாய். ஸ்டேஷன் வாசலிலிருந்து சந்தைக்கு ஆட்டோவில் 150 ரூபாய்! 2013-இல் அரசு வைத்த கட்டணம் முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய். பெட்ரோல் விலை ஏறியது எனக்கும் தெரியும், இரண்டு மடங்கு கேட்டிருந்தால்கூட மறுபேச்சில்லாமல் கொடுத்திருப்பேன். "இந்த நேரத்தில் வேறு வண்டி கிடைக்காது" என்றார் ஓட்டுநர். உட்கார்ந்து நிமிர்வதற்குள் சந்தை வந்துவிட்டது.

எங்கள் குடியிருப்பு வாசலில் ஞாயிறுதோறும் விவசாயிகள் சந்தை நடத்த ஒன்பது குடும்பங்கள் பேசிவருகிறோம். ஒழுங்காக நடக்கும் ஒன்றைக் கண்ணால் பார்க்கத்தான் இந்தப் பயணம். போகும் வழி, செலவு, நேரம் என்று வரிசையாக எழுதத்தான் நினைத்தேன். ஆனால் அந்த விலைப் பலகையைப் பார்த்ததும் மற்றதெல்லாம் மறந்துபோயிற்று.

நுழைந்ததும் பலகைதான் கண்ணில் படுகிறது. கத்தரி, வெண்டை, முருங்கை என்று அன்றைய விலை எழுதியிருக்கிறது. மொத்த விலைக்குச் சுமார் 20 சதவீதம் மேலே, வெளிக்கடைச் சில்லறை விலைக்கு 15 சதவீதம் கீழே என்பது கணக்கு. விளைவித்தவருக்கும் லாபம், வாங்குபவருக்கும் லாபம். பேரம் என்ற பேச்சே இல்லை.

கீரை விற்ற அம்மாவிடம் உட்கார்ந்துவிட்டேன். குன்றத்தூர்ப் பக்கமாம். சிறுகீரைக் கட்டின் வேரில் ஈரமண் அப்படியே ஒட்டியிருந்தது. வாழைநாரால் கட்டிய முடிச்சில்கூடத் தண்ணீர் சொட்டியது. இடுப்புச் சுருக்குப் பையிலிருந்து அடையாள அட்டையை எடுத்துக் காட்டினார். நிலமும் பயிரும் அவருடையதுதான் என்று சரிபார்த்த பிறகே அட்டை கிடைக்கும். 1999-இல் மதுரை அண்ணா நகரில் கலைஞர் முதல் உழவர் சந்தையைத் திறந்த நாளிலிருந்து இதுதான் அடிப்படை: விளைவித்தவரே விற்க வேண்டும். தரகருக்கு இடமில்லை. கடைக்கு வாடகையும் இல்லை.

எங்கள் கூட்டத்தில் மேஜைக்கு 300 ரூபாய் வாங்கலாம் என்று ஒருவர் சொன்னார். கூடவே கூடாது. "வண்டிச் செலவுதான் கண்ணு கழுத்தைப் பிடிக்கிறது" என்றார் அந்த அம்மா. நான்கு பேர் சேர்ந்து குட்டி யானை பிடித்து, தலைக்கு 300 ரூபாய் கொடுத்து வருகிறார்கள். அதற்கு மேல் நாமும் 300 கேட்டால் கீரைக்கட்டில் என்ன மிஞ்சும்?

இரண்டு பை நிறைய வாங்கிக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்தே திரும்பினேன். மதியம் வைத்த சிறுகீரை மசியலுக்குப் பூண்டு தட்டிப் போட்டதோடு சரி, வேறெதுவும் தேவைப்படவில்லை.

ஞாயிற்றுக்கிழமை குன்றத்தூர் போகிறேன். அவர்களுடைய வயலைப் பார்த்துவிட்டு, எங்கள் ஞாயிறு சந்தைக்கு வந்தால் முதல் மாத வண்டி வாடகையை எங்கள் ஒன்பது வீடும் ஏற்றுக்கொள்ளும் என்று சொல்லப்போகிறேன். நடைக்கு வீட்டுக்கு 135 ரூபாய்கூட ஆகாது.