மதம் மாறச் சொன்னால் மாறாதீர்கள்: சிறப்புத் திருமணச் சட்டத்தில் பதிந்த அனுபவம்

கிருஷ்ணகிரி மாவட்ட சார்பதிவாளர் அலுவலகம் ஒன்றில் போன மாதம்தான் எங்கள் திருமணம் பதிவானது. மணமகன் இந்து, மணமகள் கத்தோலிக்கர். இருவருக்குமே கடவுள் நம்பிக்கை உண்டு. அவரவர் வழிபாட்டை விடுவதாக இல்லை. இதைச் சொன்னதும், "சாமி கும்பிடுறீங்க இல்ல, அப்ப ரெண்டு பேரும் ஒரே மதத்துக்கு வாங்க. மதம் மாறுன கெஜட் காப்பி இருந்தா உடனே பதிஞ்சிடலாம்" என்றார் எழுத்தர்.

அதை நம்பி அலையாதீர்கள். அது இந்து திருமணச் சட்டத்துக்கான பேச்சு. மதம் மாறாமலே மணக்க வழி தரும் 1954 சிறப்புத் திருமணச் சட்டத்தின் 4ஆம் பிரிவு கேட்பது நான்குதான்: வேறு துணை உயிரோடு இருக்கக் கூடாது, சம்மதம் தரும் மனநிலை வேண்டும், ஆணுக்கு 21 பெண்ணுக்கு 18 வயது நிறைந்திருக்க வேண்டும், விலக்கப்பட்ட உறவுமுறையாக இருக்கக் கூடாது. அதே சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் உள்ள திருமண அறிவிப்புப் படிவத்தைப் பிரிண்ட் எடுத்துப் போனோம். பெயர், திருமண நிலை, தொழில், வயது, முகவரி, எத்தனை நாளாகக் குடியிருப்பு. மதத்துக்குக் கட்டமே இல்லை. விரல் வைத்துக் காட்டிய பிறகுதான் அவர் விட்டார்.

1872இல் வந்த பழைய சிறப்புத் திருமணச் சட்டத்தில் நிலைமை வேறு. ஒரே கடவுளை நம்பிய, வங்காளத்துச் சீர்திருத்த இயக்கமான பிரம்ம சமாஜத்தார் கேட்டு வந்த சட்டம் அது. ஆனால் "இந்து மதத்தையோ கிறிஸ்தவ மதத்தையோ இஸ்லாத்தையோ பின்பற்றவில்லை" என்று எழுதிக் கொடுத்தால்தான் கல்யாணம். அந்த உறுதிமொழி எல்லோருக்கும் நீங்க 82 ஆண்டு ஆனது. இன்று போய் மதச் சான்று கேட்பது எவ்வளவு பெரிய தவறு!

அடுத்த அலைச்சல் பிறப்புச் சான்றால். மணமகள் பிறந்தது ஊத்தங்கரை. சான்றில் தர்மபுரி மாவட்டம் என்றிருக்கிறது, ஆதாரில் கிருஷ்ணகிரி. "தர்மபுரிக்குப் போங்க" என்று அனுப்பி, அங்கிருந்து திரும்பி வந்ததில் ஒரு நாள் வீண். 2004 பிப்ரவரி 9க்கு முன் கிருஷ்ணகிரி தனி மாவட்டமே இல்லை என்பதை நீங்களே எடுத்துச் சொல்லுங்கள். பிறந்த ஊர் இங்கே கணக்கில் வராது. அறிவிப்புக் கொடுப்பதற்கு முந்தைய 30 நாள் ஒருவராவது அந்த அலுவலக எல்லைக்குள் குடியிருந்தால் போதும். இ-சேவையில் இருப்பிடச் சான்று முன்பே எடுத்து வையுங்கள்.

அறிவிப்பு பலகையில் ஒட்டப்படும், ஊரே பார்க்கும். 30 நாளைக்குள் யார் ஆட்சேபித்தாலும் 4ஆம் பிரிவை மீறியதாக இருந்தால்தான் செல்லும். "வேற மதம்" என்பது ஆட்சேபமே அல்ல. எங்களுக்கு யாரும் வரவில்லை. அறிவிப்புக் கொடுத்து 3 மாதம் தாண்டினால் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

சாட்சி மூன்று பேர். ஒருவர் அடையாளச் சான்றின் ஜெராக்ஸ் மட்டும் கொண்டுவந்ததால் அன்றும் திரும்பினோம். ஒரிஜினல் கட்டாயம். பதிவன்று தாலி கட்டலாம், ஜெபிக்கலாம், எதுவும் செய்யாமலும் இருக்கலாம்; ஒருவரையொருவர் சட்டப்படி ஏற்பதாக அதிகாரி, சாட்சிகள் முன் வாய்விட்டுச் சொல்வதுதான் முக்கியம். தேவாலயத்திலும் இந்தத் திருமணம் செல்லுபடியாக வேண்டுமானால் அது தனி வேலை: கிறிஸ்தவர் அல்லாதவரை மணக்க, பங்குத்தந்தை வழியாக தர்மபுரி ஆயரின் விதிவிலக்கு வாங்க வேண்டும். அதற்கும் மணமகன் ஞானஸ்நானம் பெறத் தேவையில்லை.

எங்களிடம் யாரும் முன்கூட்டிச் சொல்லாதது 19ஆம் பிரிவு. கூட்டுக் குடும்பத்து இந்து வேறு மதத்தவரை இந்தச் சட்டத்தில் மணந்தால் குடும்பத்திலிருந்து பிரிந்தவராகிறார். பூர்வீக மாந்தோப்பில் அவருக்குள்ள பங்கு போகாது. ஆனால் அதன்பின் அவருடைய சொத்துக்கு வாரிசுரிமை 1925 இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி. அறிவிப்புக் கொடுக்கும் முன்பே இதை வீட்டில் உட்கார்ந்து பேசிவிடுங்கள்.