50 மேட்டூரும் ஒரு அமிர்தாஞ்சனும்

ஊரிலிருந்து வந்த பெரியவர்களை எங்கே கூட்டிப்போவது என்பது கலிபோர்னியாத் தமிழர்களின் தீராத பிரச்சினை. கோல்டன் கேட் பாலம், லிவர்மோர் கோயில், காஸ்ட்கோ கடை. அவ்வளவுதான், சரக்கு தீர்ந்துவிடும். அதனால் இந்த ஜூலையில் ஆர்.வி. ஒன்றை வாடகைக்கு எடுத்து லேக் தாஹோவுக்குப் போவது என்று என் மனைவி முடிவெடுத்தாள். சமையல்மேடை, கட்டில், கக்கூஸ் எல்லாம் உள்ளேயே இருக்கும் வண்டி என்று மாமியாரிடம் எடுத்துச் சொன்னோம்.

"சொந்த வீட்டைப் பூட்டிட்டு, பஸ்ஸுக்கு வாடகை குடுத்து அதுல படுக்கணுமா?" என்றார் அத்தை. பதில் சொல்ல முடியாத கேள்வி.

மாமா சந்தோஷமாகக் கிளம்பினார். மன்னார்குடிக்காரர், பொதுப்பணித் துறையில் செயற்பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கண்ணில் படும் தண்ணீரையெல்லாம் டி.எம்.சி.யில்தான் அளப்பார். குழாயடியில் நின்றால்கூட கன அடிக் கணக்கு வரும். ஏரி என்றதும் மனிதர் இன்ஸ்பெக்‌ஷன் போகிற மாதிரி பேனாவைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார்.

அத்தை சத்தமில்லாமல் வேறொரு வேலை பார்த்திருந்தார். குக்கர், தோசைக்கல், மாவு டப்பா, மாவடு, பெருங்காயம், நாலு விதப் பொடி, ஊரிலிருந்து வந்த தட்டை, முறுக்குப் பாக்கெட்டுகள். ஆர்.வி.யின் அலமாரிகள் நிரம்பிப்போய், எங்கள் துணிமணி கட்டிலுக்கு அடியில் போயிற்று.

இன்டர்ஸ்டேட் 80-இல் சியரா நெவாடா மலை ஏற ஏற, வண்டிக்குள் பாத்திரங்கள் கலகலவென்று ஆட ஆரம்பித்தன. டானர் கணவாயை நெருங்கும்போது பின்னாலிருந்து 'டப்' என்று ஒரு சத்தம். டயர்தான் போச்சு என்று எனக்கு உயிரே போய்விட்டது. பார்த்தால் தட்டைப் பாக்கெட். 7,000 அடிக்கு மேல் காற்றழுத்தம் குறைந்து, பாக்கெட் உப்பி வெடித்திருக்கிறது. அதற்கான விளக்கத்தை மாமா எங்கள் எல்லோருக்கும் சொல்லி முடிப்பதற்குள் பையன் பாதித் தட்டையைத் தின்று முடித்திருந்தான்.

டானர் என்ற பெயரைப் பார்த்ததும் மாமா கதை கேட்டார். 1846-இல் கலிபோர்னியாவுக்கு மாட்டு வண்டிகளில் வந்த ஒரு கூட்டம் இங்கே பனியில் மாட்டிக்கொண்டு, குளிர்காலம் முழுக்கச் சாப்பாடு இல்லாமல் பலர் செத்துப்போனார்கள் என்றேன். உயிர் பிழைத்தவர்கள் எதைத் தின்றார்கள் என்பதை மட்டும் குழந்தைகளுக்காக விட்டுவிட்டேன். அத்தை என் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். "இதுக்குத்தான் புளியோதரை கட்டிக்கிட்டு வந்தேன். எதுக்கும்மா இவ்வளவுன்னு கேட்டியே."

மலை இறங்கி தாஹோ சிட்டிக்கு வந்தோம். ஏரி தெரிந்தது. பைன் மரங்களுக்கு நடுவே அப்படியொரு நீலம். எல்லோரும் கேமராவைத் தூக்கினோம். மாமா மட்டும் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். அவர் அணையைக் கண்டுபிடித்துவிட்டார்.

தாஹோவில் 63 ஓடைகள் வந்து விழுகின்றன. வெளியே போவது ட்ரக்கி ஆறு ஒன்றுதான். அது கிளம்பும் இடத்தில் 1913-இல் கட்டி முடித்த ஒரு சின்ன அணை. மாமா மதகுகளை இரண்டு தடவை எண்ணினார். பதினேழு. ஏரியின் ஆழம் 1,645 அடி. அதில் மேலே உள்ள 6 அடித் தண்ணீரைத்தான் இந்த அணை கட்டுப்படுத்துகிறது என்று அறிந்ததும் அவருக்குத் தாங்கவில்லை. வாடகை ஒப்பந்தத்தாளைத் திருப்பிப்போட்டு, கன மைல், கன அடி என்று பெருக்கி வகுத்து, கடைசியில் தலையை உயர்த்தினார்.

"மாப்பிள்ளை, 5,300 டி.எம்.சி. மேட்டூர் ரொம்பினா 93.47. அம்பது மேட்டூருக்கு மேல இங்க சும்மா கெடக்கு."

ஏரி கலிபோர்னியாவுக்கும் நெவாடாவுக்கும் பொது. ஆறு கலிபோர்னியாவில் கிளம்பி நெவாடாவுக்குள் போகிறது. இந்தத் தண்ணீருக்காகப் பல காலம் கோர்ட், கேஸ் என்று அலைந்திருக்கிறார்கள் என்றேன். மாமா மிக ஆழ்ந்து யோசித்தார்.

"அப்ப நெவாடாதான் தமிழ்நாடு. நாம இன்னிக்கு ராத்திரி எங்க தங்கறோம்?"

"கலிபோர்னியாப் பக்கம், மாமா. சுகர் பைன் பாயின்ட்."

"கர்நாடகாவுலயா?" என்றார். அன்று சாயங்காலம் வரை அவருக்கு அது ஒப்பவே இல்லை.

கேம்ப்கிரவுண்டில் ரேஞ்சர் அம்மா ஒருவர் வந்து கரடிகளைப் பற்றி வகுப்பெடுத்தார். இங்குள்ள கருங்கரடிகளுக்குக் கார் கதவைத் திறக்கத் தெரியும். அதனால் சாப்பாடு மட்டுமல்ல, வாசனை வரும் எதையும் இரும்பு லாக்கரில்தான் வைக்க வேண்டும். பற்பசை, சோப்பு, எண்ணெய், எல்லாம். கரடி வந்தால் பாத்திரத்தைத் தட்டிச் சத்தம் போடுங்கள் என்றார். அத்தையின் சாமான்களில் வாசனை இல்லாதது குக்கர் மட்டும்தான். மற்ற எல்லாவற்றையும் லாக்கருக்கு மாற்றினோம். என் மனைவி கறாராக, மாமாவின் தலைமாட்டிலிருந்த அமிர்தாஞ்சன் குப்பியையும் பிடுங்கிக்கொண்டு போய் வைத்தாள். அந்த லாக்கர் கதவின் தாழ்ப்பாள் ஒரு இரும்புத் தடுப்புக்குள் இருக்கும். விரலை உள்ளே விட்டு அழுத்தினால்தான் திறக்கும், கரடியின் பாதம் நுழையாது. மாமா அதைத் திறந்து மூடி, திறந்து மூடி, "நல்ல டிசைன்" என்று சான்றிதழ் கொடுத்தார்.

ஜூலையானாலும் ராத்திரி அங்கே குளிர் எலும்பைக் கடிக்கும். நடுநிசியில் மாமாவுக்கு முழங்கால் வலி. யாரையும் எழுப்பக்கூடாது என்ற பெருந்தன்மையில், பழுப்புக் கம்பளியைப் போர்த்தி, குரங்குக் குல்லாவை மாட்டிக்கொண்டு, டார்ச்சும் இல்லாமல் இறங்கிப் போயிருக்கிறார். இருட்டில் குனிந்து லாக்கரைத் தடவித் தடவி, 'கடாங்' என்று தாழ்ப்பாளை எடுத்திருக்கிறார்.

பக்கத்து இடத்தில் கூடாரம் போட்டிருந்த சாக்ரமென்டோக்காரர் விழித்துக்கொண்டார். நிலா வெளிச்சத்தில் பழுப்பாக ஏதோ ஒன்று குனிந்து நின்று லாக்கரைத் துழாவுகிறது. மனிதர் ரேஞ்சர் சொன்னபடியே செய்தார். வாணலியையும் கரண்டியையும் எடுத்து டமடமவென்று தட்டி, போ போ என்று அலறினார். அதைக் கேட்ட மாமா, சரி, கரடி வந்துவிட்டது என்று முடிவுகட்டினார். அவரும் ரேஞ்சர் சொன்னபடியே செய்தார். லாக்கர் கதவை டங் டங்கென்று அடித்து, "ஏய்! போ! போ அந்தாண்ட!" என்று வாய்க்காலில் இறங்கிய மாட்டை விரட்டுகிற குரலில் கத்தினார்.

நாங்கள் விளக்கைப் போட்டு இறங்கியபோது, இருவரும் ஆளுக்கொரு திசையில் இல்லாத கரடியை விரட்டிக்கொண்டிருந்தார்கள். அத்தை படியில் நின்றபடி கேட்டது ஒன்றுதான்: "கெடைச்சுதா அமிர்தாஞ்சனம்?"

விடியற்காலை நாலரைக்கே அத்தை எழுந்துவிட்டார். அந்த உயரத்தில் தண்ணீர் சுமார் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் பருப்பு வேகவே வேகாது என்று மாமா முதல் நாளே எச்சரித்திருந்தார். ஆகவே குக்கர். ஆனால் காலை 6 மணி வரை சத்தம் கூடாது என்பது முகாமின் சட்டம். அத்தை குக்கரை அடுப்பில் ஏற்றாமல், கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். ஆறடித்ததும் பற்றவைத்தார். முதல் விசிலில் மரத்திலிருந்த நீலப் பறவைகள் மொத்தமாகக் கிளம்பின. அப்புறம் மிளகு சீரகம் தாளித்தபோது வண்டியின் புகை அலாரம் கத்தத் தொடங்கி, பையன் தலையணையால் விசிற வேண்டியதாயிற்று.

கதவு தட்டும் சத்தம். சாக்ரமென்டோக்காரர். ராத்திரி நடந்ததற்கு மன்னிப்புக் கேட்கத்தான் வந்தாராம். கண் மட்டும் அடுப்பு மேலேயே இருந்தது. அத்தை ஜாடை காட்டினார். அவர் ஓடிப்போய் எடுத்துவந்தது, ராத்திரி அடித்த அதே வாணலி. அதில் நெய் வழிய வெண்பொங்கல் வாங்கிக்கொண்டு போனார். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் வந்தார்.

கிளம்பும்போது ஆர்.வி.யின் கழிவுத் தொட்டிகளைக் காலி செய்ய வேண்டும். இந்தப் பாகத்தைப் பற்றி யாரும் போட்டோ போடுவதில்லை. நான் கையுறை மாட்டிக்கொண்டு மூக்கைத் திருப்பிவைத்திருந்தேன். மாமாவோ குழாயின் சரிவைப் பார்த்து அங்கே ஒரு கல்லை அண்டக் கொடுத்தார். முதலில் கக்கூஸ் தொட்டி, அப்புறம் குளியல் தண்ணீர், அப்போதுதான் குழாய் அலசிக்கொண்டு போகும் என்று வரிசை சொன்னார். "டிஸ்சார்ஜ் நல்லா இருக்கு, மாப்பிள்ளை" என்றார் திருப்தியாக. அடுத்த வண்டிக்காரர் தன் குழாயோடு திணறுவதைக் கண்டதும், கேட்காமலே அங்கே போய்க் கைகாட்ட ஆரம்பித்தார். மூன்றாவது வண்டியின் ஓட்டுநர் இறங்கி வந்து, நீங்கள் இங்கே வேலை செய்பவரா என்று மரியாதையாகக் கேட்டார்.

மாமா இடுப்பில் கை வைத்து நிமிர்ந்து நின்றார்.

"ரிட்டயர்டு" என்றார்.