சேரின் பெயரில் ஒரு புலமைப்பரிசில்

நாங்கள் 'சேர்' என்றே அழைத்த எங்கள் வரலாற்று ஆசிரியர் நினைவாகப் புலமைப்பரிசில் ஒன்றை ஆரம்பிக்கப் பழைய மாணவர்கள் தீர்மானித்திருக்கிறோம். போன ஞாயிற்றுக்கிழமை வெள்ளவத்தையில் நண்பன் ஒருவனின் வீட்டில் கூடினோம். பணம் தர யாரும் தயங்கவில்லை. கனடாவிலும் லண்டனிலும் இருப்பவர்கள் கூட்டம் முடியும் முன்பே தங்கள் பங்கைச் சொல்லிவிட்டார்கள். யாருக்குக் கொடுப்பது என்பதில்தான் இழுபறி. க.பொ.த. உயர்தரத்தில் வரலாற்றுக்கு அதிக புள்ளி எடுத்தவருக்கே என்றார்கள் பலர். எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

சேர் புள்ளியைப் பார்த்து யாரையும் எடைபோட்டவர் அல்லர். கொழும்பு தேசிய நூதனசாலையில் கண்டி மன்னரின் சிம்மாசனத்தின் முன்னால் கூட்டம் முண்டியடிக்கும். அவர் எங்களை நேரே காலி மும்மொழிக் கல்வெட்டிடம் கூட்டிச்செல்வார். சீனக் கடற்படைத் தளபதி செங் ஹேயின் கப்பல்களில் வந்த கல் அது. 1409ஆம் ஆண்டுத் திகதி பொறித்தது. சீனத்தில் புத்தருக்கு, தமிழில் தெனாவரை நாயனார் என்ற திருமாலுக்கு, பாரசீகத்தில் அல்லாஹ்வுக்கு என்று பொன், வெள்ளி, பட்டு, வாசனை எண்ணெய்க் காணிக்கைகள் வரிசையாக இருக்கும். "வாசியுங்கள்" என்று சொல்லிவிட்டு ஒதுங்கி நிற்பார். நாங்கள் எழுத்துக்கூட்டித் திணறி, ஒரு சொல்லையாவது பிடித்த பிறகுதான் வாய் திறப்பார். 1911இல் காலியில் கண்டெடுத்தபோது அந்தக் கல் ஒரு மதகை மூடிக் கிடந்தது என்பதை அப்போது சொல்வார். எங்களுக்கு வயிறு பகீரென்றது.

ஓய்வுபெற்ற பிறகு ஒரு பாடசாலையின் சிறிய நூதனசாலைக்குப் பொறுப்பாளராக இருந்தார். ஒரே ஓர் அறைதான். எலுமிச்சம்புல் எண்ணெயைப் பஞ்சில் தொட்டு, ஏட்டுச்சுவடிகளில் ஓலையின் நரம்போடு நீளவாட்டில் தடவிக்கொண்டிருப்பார். அந்த மணம் அவருடைய சட்டையிலும் இருக்கும்.

கொட்டாஞ்சேனையிலிருந்து வந்த மாணவி ஒருத்தி, பாட்டியின் பெட்டியில் கிடந்த தகடு ஒன்றை அங்கே கொண்டுவந்தாள். தோட்ட வேலைக்கு இந்தியாவிலிருந்து வந்தவர்களின் கழுத்தில் மாட்டிய தகர டிக்கெட் அது. பெயர் கிடையாது, வெறும் இலக்கங்கள். யாருடையது, எந்தத் தோட்டம், தமிழ்நாட்டு மண்டபத்தில் தொழிலாளரைத் தங்கவைத்த முகாம் வழியாக வந்தவரா என்று பாட்டியிடம் கேட்டுவரச் சொல்லித் திரும்பத் திரும்ப அனுப்பினார். பிறகு அதை ஒல்லாந்தர் காலத்து நாணயங்களுக்குப் பக்கத்தில் வைத்தார். விளக்க அட்டையின் முதல் வரியில், பாட்டியின் தகப்பனார் பெயரைத் தன் குண்டு எழுத்தில் முழுமையாக எழுதினார். இலக்கம் அதற்குக் கீழேதான். பெற்றோர் தினத்தன்று அந்தப் பாட்டி கண்ணாடிக்கு முன்னால் கதிரை போடச் சொல்லி உட்கார்ந்துவிட்டார். மாணவி பின்னாளில் பல்கலைக்கழகத்தில் வரலாற்றையே சிறப்புப் பாடமாக எடுத்தாள்.

இதனால்தான் சொல்கிறேன்: விண்ணப்பிக்கும் பிள்ளை தன் வீட்டிலோ அயலிலோ இருக்கும் பழைய பொருள் ஒன்றைப் பற்றி ஒரு பக்கம் எழுதட்டும். கூப்பன் புத்தகமோ, பாக்குவெட்டியோ, காணி உறுதியோ, எதுவானாலும் சரி. யார் யாரிடம் விசாரித்தார் என்பதையும் எழுத வேண்டும். ரியூஷன் குறிப்புகளில் அதற்கு விடை இராது. புள்ளிகளையும் பார்க்கலாம், இரண்டாவதாக.

பணத்தை ஒரு விழா மேடையில் மொத்தமாகக் கொடுத்துப் படம் எடுத்துக்கொள்வதிலும் எனக்கு விருப்பமில்லை. சுவடிக்கூடத்துக்குப் போய்வரும் பஸ் செலவு, நூதனசாலை டிக்கெட், போட்டோப்பிரதி என்று இரண்டு வருடங்களுக்கு மாதாமாதம் கையில் சேர வேண்டும். "வரலாறு படித்து என்ன செய்யப்போகிறாய்?" என்று வீட்டில் கேட்கும்போது பிள்ளைக்கு அது கொஞ்சம் தெம்பு தரும்.

அடுத்த கூட்டத்தில் இதை முடிவு செய்கிறோம். சேரிடம் படித்தவர்கள் அதற்கு முன் உங்கள் கருத்தை எழுதுங்கள். அவர் எழுதிய விளக்க அட்டை யாரிடமாவது இருந்தால் படமெடுத்து அனுப்புங்கள். விண்ணப்பப் படிவத்தின் தலைப்பை அந்தக் கையெழுத்திலேயே அச்சிட விரும்புகிறோம்.