வெறும் வள்ளத்தின் கணக்கு

கேரளத்தின் செல்லானம் துறைமுகத்தில் மீன்வரத்தைக் கணக்கெடுக்கும் களப்பணியாளனாகச் சில ஆண்டுகள் வேலை பார்த்தேன். குளச்சல் பக்கம் பிறந்து சாளை என்று நாங்கள் சொல்லும் மத்தி மீன் குழம்பில் வளர்ந்தவனுக்கு மத்தியைப் பற்றி யார் என்ன சொல்லித்தர முடியும் என்ற இறுமாப்பு அப்போது இருந்தது. வேலையும் எளிதாகத்தான் தெரிந்தது. முதல் நாள் நண்பகலிலிருந்து மாலை வரையும் மறுநாள் காலையிலிருந்து நண்பகல் வரையும் கரையில் நிற்க வேண்டும். இடைப்பட்ட இரவில் இறங்கியதை விசாரித்து எழுத வேண்டும். பதினைந்து வள்ளங்கள் வரை வந்தால் எல்லாவற்றையும், அதற்கு மேல் வந்தால் மாதிரிக்குத் தேர்ந்தவற்றையும் படிவத்தில் பதிய வேண்டும்.

2021இல் அந்தப் படிவமே என்னைத் திணறடித்தது. 2012இல் ஏறத்தாழ 4 லட்சம் டன் மத்தி இறங்கிய கேரளக் கரையில் அவ்வாண்டு முழுவதும் சேர்த்து இறங்கியது 3,297 டன்தான். 1994க்குப் பின் வரத்து அத்தனை குறைந்ததில்லை. நம் ஊரில் சுருக்குமடி என்று சொல்லும் வகையைச் சேர்ந்த ரிங் வலையை, மீன்கூட்டம் கண்ணில் பட்டால் மட்டுமே வளைப்பார்கள். முப்பது நாற்பது பேரோடு விடியலுக்கு முன் போன வள்ளங்கள் நனையாத வலையோடு திரும்பின. “பூஜ்யம் என்று எழுது சாரே” என்று சொல்லிவிட்டு வள்ளத்தின் தலைவரான ஸ்ராங்கு டீக்கடைக்கு நடப்பார். எழுத என்ன இருக்கிறது என்று நான் அந்த வரிகளை விட்டுவிடுவேன்.

சில வாரங்கள் கழித்துப் படிவங்களைப் புரட்டிய மேற்பார்வையாளர், வள்ளம் போகாத நாளுக்கும் போய் வெறுமையாக வந்த நாளுக்கும் இதில் என்ன வேறுபாடு என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. கரையில் கிடக்கும் வள்ளம் கடலைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை; டீசல் எரித்து அரைநாள் தேடி ஒன்றுமில்லாமல் வந்த வள்ளம் நிறையவே சொல்கிறது. பிடிபட்ட எடையை அதற்காகப் போன பயணங்களால் வகுத்துப் பார்த்துத்தான் கடலில் மீன் பெருகுகிறதா அருகுகிறதா என்று ஓரளவு ஊகிக்கிறார்கள். நான் விட்ட வரிகளால் பயணங்களின் எண்ணிக்கை குறைந்து, சராசரி உயர்ந்து, வறண்ட ஒரு மாதம் என் படிவத்தில் சுமாரான மாதமாகிவிட்டிருந்தது.

அதன்பின் பழைய கணக்குகளைப் படிக்கத் தொடங்கினேன். மத்தியின் ஆயுள் இரண்டு மூன்று ஆண்டுகள்தான். தென்மேற்குப் பருவமழையை ஒட்டி முட்டையிடும். அப்போது அடிநீர் மேலெழுந்து நுண்பாசிகள் செழித்தால் குஞ்சுகள் தப்பும், மழை பொய்த்தாலோ 2015-16இல் நிகழ்ந்ததுபோல எல் நினோவால் கடல் சூடேறினாலோ ஒரு தலைமுறையே மெலிந்துவிடும். 1940களிலும் மத்தி இப்படி மறைந்திருக்கிறது. அன்றைய சென்னை மாகாண அரசு 1943இல் மலபார்க் கரையில் குஞ்சுகளையும் சினைமீன்களையும் பிடிப்பதற்குக் கட்டுப்பாடு விதித்து, சில ஆண்டுகளில் கைவிட்டது. இயற்கை ஏற்ற இறக்கம் என்று சொல்லிவிட்டால் வலையின் பங்கு மறைந்துவிடும் என்ற கவலையும் எனக்கு உண்டு: நல்ல ஆண்டின் லாபத்தில் வாங்கிய பெரிய வலைதான் கெட்ட ஆண்டிலும் கடலில் இறங்குகிறது. 2012ஐ இயல்பான ஆண்டாகக் கொண்டு கடன் வாங்கியவர்கள் செல்லானத்தில் பலர் இருந்தார்கள். அது உச்சம் என்று அப்போது யாருக்கும் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

மத்தி திரும்பி வந்தது. 2024இல் கேரள வரத்து ஏறத்தாழ 1.5 லட்சம் டன்னை எட்டியது. ஒரு காலையில் கூடையிலிருந்து ஐம்பது மீன்களை எடுத்து அளவுப் பலகையில் வரிசையாக வைத்தேன். சட்டப்படி பிடிக்கத்தக்க குறைந்த அளவான 10 சென்டிமீட்டரை ஒட்டியே பெரும்பாலானவை நின்றன. சினை முற்றும் 15 சென்டிமீட்டரை ஒன்றுகூடத் தொடவில்லை. வயிற்றைக் கீறினால் விரலில் ஒட்ட வேண்டிய வெள்ளைக் கொழுப்பு இல்லை. கூட்டம் பெருகி இரைக்குப் போட்டி மிகுந்ததால் வளர்ச்சி குன்றியிருக்கலாம் என்றார் மேற்பார்வையாளர். ஏலத்தில் கேட்பாரில்லாமல் அன்றைய மீன் தூளாக்கும் ஆலைக்கு லாரியில் ஏறியது. வள்ளம் நிறைய வந்த அந்த ஸ்ராங்கு, என் படிவத்தை எட்டிப் பார்த்து, எடைக்குப் பக்கத்தில் விலையையும் எழுதும்படி சொன்னார். விலைக்கென்று அதில் கட்டம் இல்லாததால் ஓரத்தில் பென்சிலால் குறித்துவைத்தேன்.