ஏழு வரை எண்ண வேண்டும்: கிளாஸ்கோ, தார்த்து, வலெட்டா நாட்குறிப்பு

2023 செப்டம்பர் 27, புதன். கிளாஸ்கோ

மியூசியத்தில் வழிகாட்டி பிள்ளைகளிடம் கேள்வி கேட்டதும் ஏழு வரை எண்ண வேண்டும். மனசுக்குள், உதடு அசையாமல்.

செப்டம்பர் 28, வியாழன்

ஏன் ஏழு? வகுப்பறையில் ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டு ஒரு வினாடிக்குமேல் பொறுப்பதில்லை என்று அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களில் ஒலிநாடாக்களை வைத்து அளந்து காட்டினார். மூன்று வினாடி பொறுத்தாலே பதில் நீள்கிறது, "தெரியாது" குறைகிறது, வாய் திறக்காத பிள்ளைகளும் பேசுகிறார்கள். அது வகுப்பறைக் கணக்கு. மியூசியத்தில் மூன்று போதாது. கேள்வி காதில் விழ வேண்டும், கண் பொருள்வரை போய் எதையாவது பிடித்துக்கொண்டு திரும்ப வேண்டும், பிடித்ததற்கு ஒரு சொல் கிடைக்க வேண்டும். நாலாவது வினாடியில்தான் பொறுமை போகிறது. வழிகாட்டி தானே பதிலைச் சொல்லிவிடுவது பெரும்பாலும் அங்கேதான்.

அக்டோபர் 5, வியாழன்

செயின்ட் மங்கோ அருங்காட்சியகம். உலக மதங்களுக்கென்றே 1993இல் திறந்த இடம். நடராஜர் இருக்கிறார். அதே வருடம் ஒரு பார்வையாளர் மதக் கோபத்தில் அவரைக் கீழே தள்ளிவிட்டதில் சிலை சேதமானது. பார்த்தவர்கள் மனதில் பட்டதை அட்டையில் எழுதிச் சுவரில் வைக்கும் வழக்கம் இங்கே ஆரம்பத்திலிருந்தே உண்டு. பிடிக்காததையும் எழுதலாம்.

பிள்ளைகளைப் பார்க்கவைத்துப் பேசவைக்கும் மூன்று கேள்வி முறைக்கு இதைவிடக் கடினமான பொருள் கிடைக்காது. உளவியலாளர் அபிகெயில் ஹௌசனும் அருங்காட்சியகக் கல்வியாளர் பிலிப் யெனவைனும் வகுத்த கேள்விகள் தமிழில் இப்படி வரும்: இதில் என்ன நடக்கிறது? எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறாய்? இன்னும் என்ன தெரிகிறது?

இரண்டாவது கேள்வியில்தான் மொழிபெயர்ப்பு சறுக்கும். "ஏன் அப்படிச் சொல்றே?" என்று கேட்டால் தமிழில் அது அதட்டல், பிள்ளை உடனே பின்வாங்கும். "எதைப் பார்த்து?" என்றால் கண் சிலைக்குத் திரும்பும். ஒவ்வொரு பதிலுக்கும் வழிகாட்டி செய்ய வேண்டியது இரண்டு: பிள்ளை சொன்ன இடத்தைத் தொடாமல் கையால் காட்டுவது, சொன்னதைக் கூட்டாமல் குறைக்காமல் வேறு சொற்களில் திருப்பிச் சொல்வது. "அருமை", "சரியாச் சொன்னே" இரண்டும் கூடாது. ஒருவருக்கு "சரி" விழுந்தால் மற்ற பதினொரு பேரும் அதோடு தேடலை நிறுத்திவிடுவார்கள்.

குழந்தைகள் கண்ணில் முதலில் படுவது தீ வளையம். அடுத்தது, "குழந்தையை மிதிக்கிறாரே!" முயலகனின் உருவம் அவர்கள் கண்ணுக்குக் குழந்தைதான். இந்த முறையைச் சுத்தமாகப் பின்பற்றினால் இங்கே எந்தத் தகவலும் தரக்கூடாது. இதில் எனக்குச் சம்மதமில்லை. ஒரு சமூகம் கும்பிடுகிற உருவம் குழந்தையை மிதிக்கிறது என்ற நினைப்போடு பத்து வயதுப் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்புவது அநியாயம். பதினைந்து நிமிடம் பேசவிட்டு, பிறகு இரண்டே வாக்கியம்: காலடியில் இருப்பவன் முயலகன், அறியாமையின் உருவம்; தூக்கிய கால் அடைக்கலம். அதற்குமேல் ஒரு சொல்லும் வேண்டாம். "இப்போ முகத்தைப் பாருங்க" என்று மறுபடி பார்க்கவிட வேண்டும்.

அக்டோபர் 6

இங்கே தங்குவதற்கான என் அனுமதி அட்டை வரவில்லை.

அக்டோபர் 19, வியாழன்

கெல்வின்குரோவ் அருங்காட்சியகம். 2022 ஆகஸ்டில் இந்தியாவிடம் ஏழு பொருள்களைத் திருப்பித் தர ஒப்பந்தம் கையெழுத்தானது இந்தக் கட்டடத்தில்தான். ஆறு, வட இந்தியக் கோவில்களிலிருந்தும் வழிபாட்டிடங்களிலிருந்தும் 19ஆம் நூற்றாண்டில் போனவை. ஏழாவது ஹைதராபாத்தில் திருடு போய் விலைக்கு விற்கப்பட்ட வாள்.

இன்று முழுக்க வினைச்சொல்தான். "சேகரிக்கப்பட்டது", "பெறப்பட்டது", "வந்து சேர்ந்தது". மூன்றிலும் ஆள் இல்லை. லேபிளில் செயப்பாட்டு வினை வருகிற இடத்தில் ஒரு பெயர் மறைந்திருக்கும். பயிற்சி எளிது: ஒரு கூடத்தின் லேபிள்களை நகலெடுத்து, வினைச்சொல்லை மட்டும் அடித்துவிட்டு மாணவர்களிடம் தர வேண்டும். வாங்கினார், கேட்டு வாங்கினார், மிரட்டி வாங்கினார், பெயர்த்தெடுத்தார், திருடினார் என்று ஐந்து சொல் பக்கத்தில். எதைப் பொருத்தினாலும் ஆதாரம் கேட்க வேண்டும். ஆதாரம் கிடைக்காத இடத்தில் "எப்படி வந்தது என்பதற்குப் பதிவு இல்லை" என்று லேபிளிலேயே எழுத வேண்டும். தமிழ் இதில் உதவுகிறது. "எடுத்துப் போனார்" என்று எழுதினால் யார் என்ற கேள்வி தானாக வரும்.

நவம்பர் 14, செவ்வாய்

தொட்டுப் பார்க்கும் வகுப்பு. மேசைமேல் ஓர் அங்குலத் தடிமனில் நுரைப் பலகை, அதன்மேல் வெள்ளைத் துணி. மோதிரம், வளையல், கழுத்தில் தொங்கும் அடையாள அட்டை எல்லாம் கழற்ற வேண்டும். எல்லோரும் உட்கார்ந்துதான் தொட வேண்டும். பன்னிரண்டு பேருக்கு மேல் வேண்டாம், நாற்பது நிமிடத்துக்கு ஐந்து பொருள் போதும்.

உலோகத்துக்கு நைட்ரைல் கையுறை, ஏனென்றால் வியர்வை உப்பு அரிக்கும். கல்லுக்கும் சுட்ட மண்ணுக்கும் கழுவித் துடைத்த வெறுங்கை. பருத்திக் கையுறை பார்க்க மரியாதையாக இருக்கும், ஆனால் வழுக்கும், மரச் சிராயில் மாட்டும்.

உடைவதற்குக் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: கையிலிருந்து கைக்கு மாற்றுவது. கொடுப்பவர் விட்டுவிடுவார், வாங்குபவர் இன்னும் பிடித்திருக்க மாட்டார். மேசையில் வைத்துவிட வேண்டும், அடுத்தவர் மேசையிலிருந்து எடுக்க வேண்டும். முழங்கை மேசையை விட்டு எழக்கூடாது. ஒரே நேரத்தில் இரண்டு பொருள் சுற்றக்கூடாது, சுற்றினால் யாரும் எதையும் பார்ப்பதில்லை.

டிசம்பர் 6, புதன்

ஒரு லேபிள், ஆங்கிலத்தில் 52 சொல். தமிழில் 36. எல்லோருக்கும் சந்தோஷம், அச்சடிக்கும்வரை. ஏழு வரி ஒன்பது வரியாகிவிட்டது.

2024 ஜனவரி 30, செவ்வாய். தார்த்து, எஸ்தோனியா

பள்ளிக் குழு ஒன்றரை மணி நேரம் என்று அட்டவணை சொல்கிறது. குளிர்காலத்தில் அது ஒரு மணி பத்து நிமிடம்தான். 24 பிள்ளைகள் மேலங்கி, தொப்பி, கையுறை, பூட்ஸ் கழற்ற வந்ததும் பத்து நிமிடம், போகும்போது மாட்ட அதே பத்து. இதைக் கணக்கில் எடுக்காத பாடத்திட்டத்தில் வெட்டுப்படுவது கடைசிப் பகுதி. பிள்ளைகள் தாமே வரைந்து, எழுதிப் பேசுகிற பகுதியை அங்கேதான் வைத்திருப்பார்கள். கடைசியில் இருப்பதை நடுவுக்குக் கொண்டுவர வேண்டும்.

பிப்ரவரி 9, வெள்ளி

எஸ்தோனிய தேசிய அருங்காட்சியகம். சோவியத் ராணுவம் விட்டுப்போன ராதி விமான தளத்தின் ஓடுபாதை அப்படியே சரிந்து எழுந்து கூரையானது போன்ற கட்டடம், நீளம் 350 மீட்டருக்கு மேல். நிறுவனம் 1909இல் தொடங்கியது, இந்தக் கட்டடம் 2016இல் திறந்தது.

வந்த நாளிலிருந்து கூரையைவிட லேபிளைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அச்சு லேபிளுக்குப் பதிலாக மின்தாள் திரை. டிக்கெட்டை அதன்முன் காட்டினால் எழுத்து எஸ்தோனிய மொழியிலிருந்து பார்வையாளரின் மொழிக்கு மாறும். ஒரே சட்டம், ஒரே அளவு, எல்லா மொழிக்கும்.

டிசம்பரில் நின்ற இடத்துக்கு இதோ வந்துவிட்டேன். சொல் கணக்கு தப்பு. லேபிளுக்கு ஐம்பது சொல் என்பது ஆங்கிலத்துக்குப் போட்ட அளவு. எஸ்தோனியமும் தமிழ்போல ஒட்டுகிற மொழி. மாயா என்றால் வீடு. மாயஸ் வீட்டில், மாயஸ்த் வீட்டிலிருந்து, மாயகா வீட்டோடு. இந்த வரிசையைப் பார்த்ததும் ஊர் ஞாபகம் வந்தது. ஆங்கிலம் மூன்று சொல்லில் சொல்வதை இரண்டு மொழியும் ஒன்றில் சொல்லும், அந்த ஒன்று நீளமாக இருக்கும். "பாதுகாக்கப்பட்டுவந்திருக்கிறது" ஒரு சொல்தான், ஆனால் பதினேழு எழுத்து. வரி ஓரத்தில் வந்தால் மொத்தமாக அடுத்த வரிக்குத் தாவும், பின்னால் ஓட்டை விடும்.

ஆகவே தமிழ் லேபிளுக்கு அளவு எழுத்திலும் வரியிலும் வேண்டும். வரிக்கு 35 எழுத்துக்குள், எட்டு வரிக்குள். கொம்பும் சுழியும் மேலும் கீழும் போவதால் வரி இடைவெளி எழுத்தளவின் ஒன்றரை மடங்கு, இல்லாவிட்டால் மேல் வரி "ழு", கீழ் வரி "கீ"யின் தலையில் இடிக்கும். எழுத்து 24 புள்ளிக்குக் குறையக்கூடாது. பலகையின் நடு, தரையிலிருந்து 1.4 மீட்டர், சக்கர நாற்காலியில் வருபவருக்கும் எட்டும். எழுதி முடித்ததும் நின்றபடி உரக்கப் படிக்க வேண்டும். மூச்சு வாங்குகிற இடத்தில் வாக்கியத்தை உடைக்க வேண்டும்.

இரண்டு மொழி ஒரே பலகையில் வந்தால் எது மேலே என்று யாரும் விவாதிப்பதில்லை. விவாதிக்க வேண்டும்.

பிப்ரவரி 10

இங்கேயும் அட்டை வரவில்லை. வேறு நாடு, வேறு அட்டை.

மார்ச் 5, செவ்வாய்

கம்பளிக் கையுறைப் பெட்டியில் அந்துப்பூச்சி. பள்ளிகளுக்குப் போய்வந்த பெட்டி. வழிமுறை: ஒவ்வொன்றையும் அமிலமற்ற மெல்லிய தாளில் சுற்றி, பாலிதீன் பையில் காற்றை வெளியேற்றி ஒட்டி, மைனஸ் 30 டிகிரியில் மூன்று நாள். வீட்டு உறைபெட்டியின் மைனஸ் 20 என்றால் இரண்டு வாரம். வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்கக்கூடாது, ஒருநாள் அப்படியே கிடக்கட்டும். பிரித்தால் அறைக் காற்றின் ஈரம் குளிர்ந்த நூலில் வேர்த்து இறங்கும். அவசரப்பட்டுப் பிரித்த ஒரு ஜோடியில் சிவப்புச் சாயம் கசிந்திருந்தது. பார்க்கவே வயிறு எரிந்தது.

ஏப்ரல் 16, செவ்வாய்

கூடத்தின் வரைபடம், நிறுத்துகடிகாரம், பென்சில். பார்வையாளர் உள்ளே வந்த நேரம், போன நேரம், எங்கெங்கே நின்றார். நிற்பது என்றால் இரண்டு காலும் நிலையாக, கண் பொருள்மேல், குறைந்தது மூன்று வினாடி. கைப்பேசிக்காக நின்றால் அது தனிக் குறி. கூடத்தின் சதுர அடியைப் பார்வையாளர்கள் உள்ளே இருந்த சராசரி நிமிடத்தால் வகுத்தால் வரும் எண் சிறிதாக இருந்தால் மெதுவாகப் பார்த்தார்கள் என்று பொருள்.

தாள் முழுக்க எண். ஒரு லேபிள் முன் நாலு நிமிடம் நின்ற ஒரு பாட்டி. எதற்கு நின்றார் என்று இந்தத் தாள் சொல்லாது. போகும்போது ஒரே ஒரு கேள்வியாவது கேட்காமல் இந்த அளவைக்கு அர்த்தமில்லை.

ஏப்ரல் 17

கேட்டால் ஏழு வரை எண்ண வேண்டும். பெரியவர்களுக்குப் பத்து.

செப்டம்பர் 24, செவ்வாய். வலெட்டா, மால்டா

'தூங்கும் பெண்' சிலை. தொல்லியல் அருங்காட்சியகத்தில் தனி அறை, மங்கிய ஒளி. படங்களில் பார்த்தவர்கள் ஆளுயரம் எதிர்பார்த்து வருகிறார்கள். சுமார் 12 சென்டிமீட்டர் சுடுமண். ஒருக்களித்து, வலது கையில் தலை, கட்டிலின் நடு பாரத்தில் தொய்ந்திருக்கிறது. அந்தத் தொய்வைக் கவனித்துச் செய்தவரின் கண், ஐயாயிரம் வருடத்துக்கு முந்தையது.

குழந்தைகளுக்கு முதல் வேலை: பார்க்கும் முன்பே "எவ்வளவு பெரிசா இருக்கும்?" என்று கையை விரித்துக் காட்டச் சொல்வது. விரித்த கையோடு உள்ளே போக வேண்டும்.

அக்டோபர் 11, வெள்ளி

ஹல் சஃப்லியெனி. 1902இல் கட்டட வேலை நடக்கும்போது அகப்பட்ட நிலத்தடிக் கல்லறை, மூன்று அடுக்கு. பார்வையாளரின் மூச்சும் ஈரமும் கூரையின் காவி ஓவியங்களைக் கெடுத்ததால் 1990களில் மூடி, 2000இல் திறந்தார்கள். இப்போது ஒரு முறைக்குப் பத்துப் பேர், நாளுக்கு எட்டு முறை. எண்பது பேர்! 25 பிள்ளைகள் உள்ள வகுப்பு ஒன்றாக நுழையவே முடியாது.

பார்க்க முடியாத இடத்தைக் கற்பிப்பதுதான் இந்த மாதம் முழுக்க. "உள்ளே விடமாட்டார்கள்" என்று சொன்னால் தண்டனைபோல ஒலிக்கிறது. ஏன் என்பது உடம்பில் உறைக்க வேண்டும்.

அக்டோபர் 12

அட்டை?

அக்டோபர் 13, ஞாயிறு

அந்தக் கல்லறைக்கு மாதிரியாக ஒரு கூடாரம், முதல் சோதனை. குளிர்சாதனப் பெட்டி வந்த அட்டைப்பெட்டிகள் பிரித்து ஒட்டியது, இரண்டு மீட்டருக்கு இரண்டரை, உயரம் இரண்டு. வெளியே கறுப்புத் துணி. கூரையில் காவிமண்ணைப் பசையில் குழைத்துச் சுருள்கள். பசை கூடினால் காய்ந்ததும் பளபளக்கும், காவி கூடினால் உதிர்ந்து தலையில் விழும். மூன்று பங்கு காவிக்கு ஒரு பங்கு பசை, ஒரு பங்கு தண்ணீர் நின்றது.

டார்ச்சை நேராக அடித்தால் சுருள் தட்டை. கூரையை ஒட்டினாற்போலச் சாய்த்து அடித்தால் தூரிகைத் தடம்கூட எழுந்து நிற்கிறது.

பத்துப் பேர், பத்து நிமிடம். உள்ளே கரியமிலவாயு மீட்டர்: நுழையும்போது பத்து லட்சம் பங்கு காற்றில் 430 பங்கு, வெளியே வரும்போது 1,640. கண்ணாடித் துண்டு ஒன்று தொங்கவிட்டதில் ஆறாவது நிமிடமே பனி. எண்ணைவிட அந்தப் பனிதான் பேசவைக்கிறது, விரலால் எழுதிப் பார்க்கிறார்கள்.

கோளாறு வாசலில். துணி ஒற்றை மடிப்பு, ஒவ்வொருவர் நுழையும்போதும் வெளிச்சம் பாய்ந்து கண் பழகுவது கெடுகிறது. ஒரு மீட்டர் இடைவெளி விட்டு இன்னொரு திரை வேண்டும். கறுப்புத் துணி மூன்று மீட்டர், நாளை கடை திறந்ததும்.